‘நான் இறங்க மாட்டேன்’ என்று ஒருவர் சொன்னால்: சூப்பர்வைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

சூப்பர்வைசர் சார்களுக்கும், ஃபோர்மேன் அண்ணன்களுக்கும், ஷிஃப்ட் இன்சார்ஜ்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை முதலாளிகளுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கம் ஆனதும் நிறுத்திவிட்டேன். பதினெட்டு வருடம் மெயின்டனன்ஸில் ஃபிட்டராக இருந்தவன் நான். அத்தனை வருடத்தில் முதலாளி என்னிடம் நேராக வந்து ‘இதைச் செய்’ என்று சொன்னது ஒரு தடவைகூட இல்லை. தொட்டிக்குள் இறங்கு, சாரத்தில் ஏறு, மெஷினை நிறுத்தாமலே பெல்ட்டைச் சரிசெய், பெர்மிட் அப்புறம் வரும் நீ ஆரம்பி – எல்லாம் உங்கள் வாயிலிருந்து வந்தவை. ‘வேண்டாம்ப்பா, வெளியே வா’ என்று இரண்டு மூன்று முறை என்னைக் காப்பாற்றியதும் உங்களில் சிலர்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சண்டை போட வரவில்லை. மேலே டார்கெட், கீழே நாங்கள், நடுவில் நீங்கள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உபதேசமாகிவிடும்.

ஒரு ரோலர் மெஷின். முன்னால் கம்பி வலைக் கதவு, கதவின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லிமிட் சுவிட்ச். கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்த சுவிட்ச். அடிக்கடி உள்ளே பொருள் சிக்கும். திறந்து, எடுத்து, மூடி, மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் ஆறேழு நிமிடம் போய்விடும். ஒரு நாள் இரவு ஷிஃப்டில் சூப்பர்வைசர் வந்து, “அந்த சுவிட்சைக் கொஞ்சம் பைபாஸ் பண்ணிவிடு, காலையில் எடுத்துவிடலாம்” என்றார். நல்ல மனிதர். என் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கேட்காமலே ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தவர். எலக்ட்ரீஷியன் செய்யவேண்டிய வேலை, ஆனால் இரவில் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் எல்லாம் நான்தான். ஒரு சாண் சிவப்பு வயரை எடுத்து, இரண்டு முனையையும் உரித்து, சுவிட்சின் டெர்மினல்கள் இரண்டையும் இணைத்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. காலையில் யாரும் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை. ஏழு மாதம் இருந்தது அந்த வயர், எண்ணெயும் தூசியும் படிந்து வயரின் சிவப்பும் டேப்பின் கறுப்பும் ஒரே நிறமாகும் வரைக்கும்.

கான்ட்ராக்டில் ஒரு பையன் புதிதாக வந்தான். அவனுக்கு ஒன்பதாவது நாள். கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதில் தப்பே இல்லை. திறந்தான், நிற்கவில்லை, அவன் கை ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. வலது கையில் இரண்டு விரல், முதல் கணு வரை.

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். வயரைப் பற்றி ஒரு வரி இல்லை. அறிக்கைக்கு ஆள் வருவதற்குள் வயரே இல்லை. சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அன்றைக்கு நான் ‘மாட்டேன் சார்’ என்று சொல்லியிருக்கலாமா? சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் பாதிதான் சரி. எனக்கு முன்னால் அப்படிச் சொன்ன யாரையும் நான் பார்த்ததே இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று காட்ட ஒரு உதாரணம்கூட அந்தக் கூரையின் கீழ் கிடையாது. அப்படிச் சொல்ல எனக்கு ஒரு உரிமை இருக்கிறது என்பதே வேலையை விட்ட பிறகுதான் தெரியவந்தது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் சந்தேகம்தான், ஏனென்றால் உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1981-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 155-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் 13-ஆவது பிரிவின் சாரம் இதுதான்: தன் உயிருக்கோ உடலுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகுகிற தொழிலாளியை, அதற்காகத் தண்டிக்கக்கூடாது. நாற்பது வருடம் கழித்து, 2022 ஜூனில், பாதுகாப்பான வேலைச்சூழலை அந்த அமைப்பு வேலையின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, கட்டாய வேலை ஒழிப்பு இவற்றோடு ஒரே வரிசையில் இப்போது இதுவும் இருக்கிறது.

அந்த வாசகத்தில் ‘நியாயமான காரணத்தோடு நம்பினால்’ என்பதை மட்டும் இன்னொரு முறை படியுங்கள் சார். அவர் நினைத்தது சரியாகத்தான் இருக்கவேண்டும் என்று அதில் இல்லை. பின்னால் வந்து சோதித்து, ‘பார், ஒன்றுமே இல்லை, சும்மா பயந்திருக்கிறாய்’ என்று நீங்கள் நிரூபித்தாலும், அவர் மறுத்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நியாயம் என்றால், அவர்மேல் கைவைக்க முடியாது. ஆபத்து நிஜம் என்று நிரூபணமாக ஒரே வழி ஆள் சாவதுதான் என்றால், அதற்குப் பேர் உரிமையா?

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஒரு ஆலை. கன்வேயர் தலைக்கு மேலே ஓடும். அதிலிருந்து பாகங்கள் தவறி ஆட்கள்மேல் விழாமல் இருக்க, தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில் கம்பி வலை. வலையில் விழுந்ததைப் பொறுக்க மெயின்டனன்ஸ் ஆட்கள் அதன்மேல் ஏறி நடக்கவேண்டும். வலை பழசு. சிலர் ஏற்கெனவே அதில் விழுந்திருந்தார்கள். 1974 ஜூன் 28-ல் ஒருவர் விழுந்து இறந்தார். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 10 அன்று, இரண்டு பேரை அதே பழைய வலைப் பகுதிக்கு ஏறச் சொன்னார் ஃபோர்மேன். சொல்வதற்கு முன் அவரே இரும்புச் சட்டங்களில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாராம். அந்த இரண்டு பேரும் ஏற மாட்டோம் என்றார்கள். மீதி ஆறு மணி நேரச் சம்பளத்தை வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், பணிப்பதிவேட்டில் கண்டனக் கடிதமும் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி மறுக்கிற உரிமையைத் தரும் விதி செல்லும் என்று 1980-ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

எனக்கு அந்த ஃபோர்மேனை மறக்க முடியவில்லை. அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. ‘நானே நடந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று நினைத்திருப்பார். இதை நீங்கள் எல்லாருமே செய்கிறீர்கள். தொட்டியின் வாயில் குனிந்து மோந்து பார்த்துவிட்டு ‘வாடையே இல்லை, இறங்கு’ என்கிறீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அளவு கூடினால் அதே வாயு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், வாடை ‘போய்விடும்’ என்பது பலருக்குத் தெரியாது. பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவிலேயே அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், மூக்கு ஏமாற ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட அங்கேதான். அப்புறம் உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். இந்த மாதிரி விபத்துச் செய்திகளில் அடிக்கடி இரண்டு மூன்று பெயர்கள் இருப்பது இதனால்தான். காற்றை மீட்டரில்தான் பார்க்கவேண்டும் சார், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே இறங்கக்கூடாது, வேறு எந்த விஷமும் தேவையில்லை.

சரி, ஒருவர் ‘இறங்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டார். நீங்கள் என்ன செய்யவேண்டும்? இதற்கு நான் பார்த்தவற்றில் தெளிவான வழிமுறை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. மறுத்தவர் வீட்டுக்குப் போவதில்லை, பக்கத்திலேயே பாதுகாப்பான இடத்தில் நிற்பார். சூப்பர்வைசர் அவரையும் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரையும் வைத்துக்கொண்டு அங்கேயே விசாரிக்கவேண்டும். சரிசெய்தும் அவருக்கு நியாயமான சந்தேகம் தீரவில்லை என்றால் அரசு ஆய்வாளரைக் கூப்பிடவேண்டும். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆளைப் போட வேண்டுமென்றால், ‘உனக்கு முன்னால் ஒருத்தர் மறுத்தார், இன்ன காரணத்துக்காக மறுத்தார்’ என்று அந்த ஆளிடம் பிரதிநிதியின் முன்னால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் நம் இடங்களில் நடப்பது என்ன? ஒருத்தன் முடியாது என்பான். நீங்கள் வாக்குவாதம்கூடச் செய்ய மாட்டீர்கள். ‘சரி, நீ போய் ஸ்டோரில் இரு’ என்று அனுப்பிவிட்டு, பக்கத்தில் நிற்கிற, ஒன்றுமே தெரியாத, நேற்று வந்த பையனைப் பார்த்துக் கையசைப்பீர்கள்.

ஒன்டாரியோவில் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ளவேண்டிய கதை. எலியட் லேக் என்ற ஊரில் யுரேனியச் சுரங்கங்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1974-ல் பிரான்ஸில் ஒரு மாநாட்டில் வாசித்தார்கள். சுரங்கத்தில் இறங்குகிற ஆட்களிடம் மட்டும் சொல்லவில்லை. கடல் தாண்டி வாசித்த கட்டுரை வழியாகத் தங்கள் நுரையீரலைப் பற்றித் தெரிந்துகொண்ட அந்த மனிதர்கள், அந்த வருடமே வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அதைத் தொடர்ந்து விசாரணைக் குழு, 1976-ல் அறிக்கை, அப்புறம் சட்டம். ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை, பாதுகாப்பு முடிவுகளில் பங்கெடுக்கும் உரிமை, மறுக்கும் உரிமை என்று மூன்றையும் அதில் சேர்த்து வைத்தார்கள்.

மறுக்கும் உரிமை மட்டும் போதாது என்பதற்கு அந்தச் சுரங்கமே சாட்சி. தூசி உடனே கொல்லாது. இருபது வருடம் கழித்துக் கொல்லும். ‘உடனடி ஆபத்து’ என்ற வாசகம் அதற்கு எட்டாது. உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலை காரணமாக இறக்கிறார்கள் என்பது 2023-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொன்ன கணக்கு. அதில் சுமார் 26 லட்சம் நோயால். விழுந்தும் நசுங்கியும் எரிந்தும் சாகிறவர்கள் மீதிப் பேர்தான். அதனால் பீப்பாயில் என்ன இருக்கிறது, அந்தக் கல்லை அறுத்தால் பறக்கிற தூசி என்ன செய்யும் என்று ஒருத்தன் கேட்டால் ‘நீ என்ன டாக்டரா’ என்று கேட்காதீர்கள். அந்தப் பொருளோடு வந்த பாதுகாப்புத் தாள் உங்கள் மேசை டிராயரில்தான் இருக்கும். ஒரு பிரதி எடுத்து, அவருக்குப் புரிகிற மொழியில், பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

நிறுத்த உங்களுக்கே அதிகாரம் இல்லை என்பீர்கள். அதையும் பேசுவோம். 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றிப் பராமரிப்புக்கு எடுத்திருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இரண்டு மேடைகள் இருந்தன, கிளேமோர், டார்ட்டன். பைப்பர் எரிவது தெரிந்தும் அவை உடனே நிற்கவில்லை. அவை அனுப்பிக்கொண்டிருந்த எண்ணெயும் வாயுவும் தீயை வளர்த்தன. நிறுத்தினால் நஷ்டம், மறுபடி ஆரம்பிக்க நாளாகும், மேலிடத்தைக் கேட்காமல் எப்படி என்ற தயக்கம். அங்கே பொறுப்பில் இருந்தவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான். அதற்குப் பிறகு பிரிட்டன் பாதுகாப்பைப் பற்றிக் குரல் கொடுப்பவர்களைப் பழிவாங்கக்கூடாது என்று 1992-ல் கடல் மேடைகளுக்குத் தனிச் சட்டம் போட்டது, அடுத்த வருடமே அந்தப் பாதுகாப்பு எல்லாத் தொழிலுக்கும் வந்தது. 167 பேருக்குப் பிறகு.

வங்கதேசத்தில் இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு விஷயம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் விட்டதும் கட்டடத்தைக் காலி செய்தார்கள். மறுநாள் கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் சம்பளத்தைச் சொல்லி மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதே விரிசல், அதே சுவர். இறப்பவர் யார், இறக்காதவர் யார் என்பதை அன்று காலை தீர்மானித்தது, யாரால் ‘வர மாட்டேன்’ என்று சொல்ல முடிந்தது என்பதுதான்.

எல்லா நாட்டிலும் சட்டம் ஒரே மாதிரி இல்லை. ஸ்வீடனில் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியே வேலையை நிறுத்தி வைக்கலாம், ஆய்வாளர் வந்து முடிவு சொல்லும் வரை. இந்தியாவில் போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள், அபாயகரமான தொழில்களில் உடனடி ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் உரிமை. 2020-ல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டமும் அதே பாதைதான்: முதலாளியிடம் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம். சொல்லிவிட்டு விலகி நிற்கலாமா என்ற இடத்தில் வாசகம் மௌனமாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் அந்த மௌனத்தை நிரப்புகிறவர் நீங்கள்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும், விசாவே முதலாளி கையில் இருக்கிற ஆட்களுக்கும், சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட் வரைதான் வரும். ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்ற இரண்டு சொல்லுக்கு எந்த விசாரணையும் கிடையாது.

நடுவில், இதைத் தொழிலாளி யாராவது படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. மறுக்கும்போது கோபப்பட்டுக் கருவியை எறிந்துவிட்டு வெளியே போய்விடாதீர்கள். ‘வேலையை விட்டு ஓடிவிட்டான்’ என்று எழுதுவார்கள், அதை அழிப்பது கஷ்டம். பொதுவாக ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்வதைவிட, ‘சாரத்தில் கைப்பிடிக் கம்பி இல்லை, அது வந்தால் ஏறுகிறேன், அதுவரைக்கும் வேறு வேலை கொடுங்கள்’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அதையே தேதி நேரத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் சூப்பர்வைசருக்கு அனுப்புங்கள், இரண்டு வரி போதும். பக்கத்தில் ஒருவராவது கேட்கும்படி சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு பேராக மறுங்கள். அப்புறம் பாதுகாப்புக் குழு, சங்கம், ஆய்வாளர். பழிவாங்கினால் புகார் கொடுக்கக் கெடு உண்டு, சில நாடுகளில் அது மிகக் குறைவு. அமெரிக்காவில் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெறும் 30 நாள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரண்டு மாதம் காத்திருந்தால் கதவு மூடிவிடும்.

சூப்பர்வைசர்களே, உங்களிடம் திரும்பி வருகிறேன். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஆள் மறுக்கும்போது, எல்லாரும் பார்க்கிற மாதிரி, ‘நல்லதுப்பா, நிறுத்தி வை, பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். போய்ப் பாருங்கள். அவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும் அன்றைக்கும், அடுத்த வாரமும், ஓவர்டைம் பட்டியல் போடுகிற நாளிலும் அவரைப் பழைய மாதிரியே நடத்துங்கள். அந்த மூன்றாவதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். திட்டுவதைவிட ஓவர்டைமில் பெயர் விட்டுப்போவதுதான் எங்களுக்குப் புரிகிற மொழி, ஷாப் ஃப்ளோர் முழுக்க ஒரே நாளில் புரிந்துவிடும்.

‘எங்கள் இடத்தில் இதுவரைக்கும் யாருமே மறுத்ததில்லை’ என்று பெருமையாகச் சொல்கிற சூப்பர்வைசர்களை எனக்குத் தெரியும். நான் வயர் முறுக்கிய அந்த ஆலையிலும் யாரும் மறுத்ததில்லை. நோட்டீஸ் போர்டில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பச்சைப் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும், அந்தப் பையனின் விரல் போன மறுநாளும் அது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அறிக்கை எழுதும் நாள் உங்களுக்கும் வரலாம், வரக்கூடாது, ஆனால் வரலாம். காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதப் பேனா போகும்போது, அந்த ஆள் என்ன செய்தான் என்பதோடு அந்த மெஷினில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். வயர் இருந்தால் வயர் என்று எழுதுங்கள். யார் சொல்லி யார் முறுக்கியது என்பது உட்பட. நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய ஃபிட்டர்

பின்குறிப்பு: இன்றைக்கு ஷிஃப்டில் உங்கள் பிரிவிலுள்ள மெஷின்களின் பாதுகாப்புக் கதவுகளை, கையை வெளியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எதையாவது திறந்தும் மெஷின் ஓடினால் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, அந்த லிமிட் சுவிட்சின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வயர் சிவப்பாகத்தான் இருக்கும் என்று தேடாதீர்கள், கொஞ்ச நாளில் நிறம் மாறிவிடும்.